பழைய இயந்திரங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு தங்கப் போனபோது, தன்னுடைய 1962ஆம் ஆண்டு கப் கேடட் தோட்ட டிராக்டரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பதினைந்து ஆண்டுகளாகக் கொட்டகையில் நின்ற வண்டி. இன்ஜின் அசையவே இல்லை. எல்லாவற்றையும் கழற்றிப் புதுப் பெயின்ட் அடிக்கலாம் என்று இருக்கிறேன். ஒன்பது வயது மகனும் உப்புத்தாளோடு தயாராக நிற்கிறான். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், கொலம்பஸ், ஒஹையோ

பதில்: முதல் வேலையாக அந்த உப்புத்தாளை மகனிடமிருந்து வாங்கி வையுங்கள். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு மிகுதி. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டிலேயே ஈயத்தை 1978இல்தான் தடை செய்தார்கள். உலர வைத்துத் தேய்த்தால் தூள் பறக்கும். வளரும் பிள்ளையின் மூளைக்கு அதைவிடக் கேடு வேறில்லை. அவனுக்கு வேறு வேலை கொடுங்கள். நீங்கள் கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் படம் எடுக்கட்டும். நட்டு போல்ட்டுகளைப் பைகளில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்கட்டும். மூன்று மாதம் கழித்து நீங்கள் அவனைத்தான் தேடிப் போவீர்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் கழற்றும் எண்ணத்தை இப்போதைக்குக் கைவிடுங்கள். உங்களிடம் வந்திருப்பது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் செய்த முதல் தோட்ட டிராக்டர். கென்டக்கி மாநிலத்து லூயிவில் தொழிற்சாலையில் ஃபார்மால் கப் என்ற சிறு வயல் டிராக்டரைச் செய்துகொண்டிருந்தவர்கள், அதன் கியர் அமைப்பைத் தழுவியே இதையும் செய்தார்கள். ஏழு குதிரைத்திறன் இன்ஜினுக்கு வயல் டிராக்டரின் எலும்பு! அதனால் கியர் பெட்டி கெட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதைத் திறக்க வேண்டாம். எண்ணெயை மட்டும் வடித்துப் பாருங்கள். பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே ஈரம் சேர்ந்திருக்கிறது என்று பொருள். மாற்றினால் போதும்.

இனி இன்ஜின். அது கோலர் கே 161 ஆக இருக்கும். வார்ப்பிரும்பு, ஒற்றை சிலிண்டர். இதில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்பவை. நிறுத்திய நாளில் ஏதாவது ஒரு வால்வு திறந்தபடி நின்றிருந்தால், அதன் வழியே ஈரக்காற்று புகுந்து பிஸ்டன் ரிங்குகளைச் சிலிண்டர் சுவரோடு துருப்பிடிக்க வைத்திருக்கும். சில நேரம் பிஸ்டன் நன்றாகவே இருக்கும், வால்வுத் தண்டுதான் சிக்கியிருக்கும்.

கியரை நியூட்ரலில் போடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆட்டோமேட்டிக் கார்களின் கியர் எண்ணெயும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் சரிபாதி கலந்து, இரண்டு மூன்று மேசைக்கரண்டி ஊற்றுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஆகவே வெளியே திறந்த இடத்தில் செய்யுங்கள். பிறகு மூன்று நாள் வண்டிப் பக்கம் போகாதீர்கள்.

இந்த மூன்று நாளை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கோயம்புத்தூர் கணபதியில் என் தந்தைக்கு பம்ப்செட் பட்டறை இருந்தது. சிக்கிப்போன இன்ஜின் வந்தால் அவர் மண்ணெண்ணெய் ஊற்றி மூலையில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். எனக்குப் பத்தொன்பது வயது. அவர் வெளியூர் போயிருந்த ஒரு நாளில் நான் பொறுக்க முடியாமல் சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றி, இரும்புக் கம்பியை வைத்துப் பிஸ்டனைச் சுத்தியலால் அடித்தேன். பிஸ்டன் தலை விரிசல் விட்டது. புதுப் பிஸ்டன் வந்து சேர்வதற்குள் அதைக் கொண்டு வந்த விவசாயியின் முறைத் தண்ணீர் போய்விட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வாய்க்கால் ஓரம் வாடியிருந்த அவருடைய வெங்காயப் பாத்தியைத் தந்தை என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். இன்றைக்கும் சிக்கிய இன்ஜினைக் கண்டால் எனக்கு அந்தப் பாத்திதான் நினைவுக்கு வருகிறது.

நாலாம் நாள், இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். நூலளவு அசைந்தாலும் வெற்றிதான். மறுபடி ஊற்றிக் காத்திருங்கள். ஒரு வாரமாகியும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றுங்கள். தட்டித்தான் ஆகவேண்டும் என்றால், சிலிண்டர் அளவுக்கு உருட்டிய மரத்துண்டை வைத்து மெல்லத் தட்டுங்கள். திரும்ப மூட்டும்போது கேஸ்கட் புதிதாக இருக்க வேண்டும். போல்ட்டுகளை ஒரேயடியாக முறுக்காமல், மாற்றி மாற்றி, படிப்படியாக 15 முதல் 20 அடி-பவுண்டு வரை இறுக்குங்கள். அதற்கு மேல் போனால் மரை போய்விடும்.

சுற்றத் தொடங்கியதும் பிளக்கில் பொறி வருகிறதா என்று பாருங்கள். இந்த இன்ஜினில் பாயின்ட்டுகள் (பொறிக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் இரண்டு உலோக முனைகள்) வெளியே, ஒரு சின்ன மூடிக்கு அடியில் இருப்பது பெரிய வசதி. நீண்ட காலம் நின்றதில் அவற்றின் முகத்தில் படலம் படிந்திருக்கும். பொறி வரவில்லை என்று காயிலை வாங்க ஓடாதீர்கள். சுத்தமான அட்டைத் துண்டை இரண்டுக்கும் நடுவே வைத்து இழுத்துப் பாருங்கள். பாதி வண்டிகளுக்கு அதுவே வைத்தியம். இடைவெளி 0.020 அங்குலம், ஃபீலர் கேஜ் வைத்தே அளக்கவும். ஃப்ளைவீலில் ‘எஸ்’ என்ற குறி தெரியும் கணத்தில் பாயின்ட்டுகள் பிரியத் தொடங்க வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வர 20 பாகை இருக்கும் இடம் அது.

டாங்கில் மிச்சமிருக்கும் பழைய பெட்ரோலை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்த வேண்டாம். எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தால் இந்த வயது ரப்பர் குழாய்களுக்கு நல்லது. பெட்ரோல் அளவைத் திருத்தும் கார்பரேட்டர் ஊசிகளை மூடும்போது தொட்டவுடன் நிறுத்திவிடுங்கள். அழுத்தினால் நுனியில் பள்ளம் விழுந்துவிடும். அதன் பிறகு இன்ஜின் ஒருநாளும் சீராக ஓடாது. தொட்ட இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்று திறந்து வைத்துத் தொடங்கி, ஓடும்போது திருத்திக்கொள்ளலாம்.

கிளப்புவதற்கு முன் கடைசியாக ஒன்று. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கம்பியும் ஸ்பிரிங்கும் தாராளமாக அசைகின்றனவா என்று பாருங்கள். துருப்பிடித்து நின்றிருந்தால் இன்ஜின் நிமிடத்துக்கு 3600 சுற்றைத் தாண்டிப் பறக்கும், கனெக்டிங் ராடு உடையும். இதில் எண்ணெய் பம்ப் கிடையாது, ராடின் அடியில் உள்ள கரண்டி எண்ணெயை வாரியடிப்பதுதான் எல்லாம். ஆகவே எண்ணெய் மட்டம் குறையவே கூடாது.

அது ஓடும் சத்தத்தைக் கேட்ட பிறகு பெயின்டைப் பற்றி எழுதுங்கள்.

கேள்வி: என் கணவரின் தந்தை விட்டுச்சென்ற கப் கேடட் 70 நன்றாகக் கிளம்புகிறது. ஆனால் வோல்டேஜ் ரெகுலேட்டர் மாற்றியதிலிருந்து பேட்டரி சார்ஜ் ஆகவில்லை. ரெகுலேட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?
– ஒரு வாசகி, பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா

பதில்: கொடுக்க வேண்டாம், சகோதரி. என்னிடமும் அதே 70தான் இருக்கிறது. அதில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே உருளை. கிளப்பும்போது பெல்ட்டை இழுக்கிறது, ஓடும்போது பெல்ட்டால் சுற்றி மின்சாரம் தருகிறது. வயர்களைக் கழற்றி மாட்டிய பிறகு அதற்குத் துருவம் (எது நேர், எது எதிர் என்று) காட்டிவிட வேண்டும். எல்லா வயர்களையும் மாட்டியபின், இன்ஜின் ஓடாத நிலையில், ரெகுலேட்டரின் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு துண்டு வயரால் கண நேரம் தொட்டு எடுங்கள். சின்னப் பொறி பறக்கும், பயப்பட வேண்டாம். ‘எஃப்’ என்று குறித்த முனையில் அந்த வயர் படக் கூடாது. அப்படியும் சார்ஜ் ஏறவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பழைய கப் கேடட்டுக்கு அசல் மஞ்சள் நிறம் எது? கடையில் ஐந்து வகை மஞ்சள் காட்டுகிறார்கள்.
– ஒரு வாசகர், டொராண்டோ

பதில்: கடைக்காரரின் அட்டையை நம்பாதீர்கள். வெயில் படாத இடம் உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. இருக்கையின் அடியிலோ, ஏதாவது தாங்கியைக் கழற்றினால் அதன் பின்புறத்திலோ, அன்று அடித்த நிறம் அப்படியே இருக்கும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, அந்தத் துண்டையே கடைக்கு எடுத்துப் போய் அதற்கு ஒத்த நிறத்தைக் கலக்கச் சொல்லுங்கள்.