'புலம்பெயர்தல்' என்ற சொல் எப்படி வந்தது? அது 'புலம்பல்' என்பதிலிருந்து பிறந்ததா?

'புலம்பல்' என்பதோடு இச்சொல்லுக்குப் பிறப்புத் தொடர்பு இல்லை. 'புலம்பு' என்று பிரித்தால் எஞ்சுவது 'எயர்' என்னும் பொருளற்ற துண்டு. ஆகவே புலம் + பெயர்தல் என்றே பிரிக்க வேண்டும். தொல்காப்பியம் 'புலம்பே தனிமை' என்று உரைப்பதால், ஊரை விட்டுப் போனவரின் தனிமையோடு இதை இணைத்துப் பார்க்க மனம் விழைவது இயல்புதான். ஆயினும் அது ஒலி ஒற்றுமை மட்டுமே.

வயல், இடம், திசை, அறிவு எனப் பல பொருள் தரும் 'புலம்' இங்கே வாழும் நிலத்தைக் குறிக்கிறது. 'பெயர்தல்' என்பது நிலைத்திருந்த இடத்தை விட்டு அகல்வது. சுவரில் காரை பெயர்ந்துவிட்டது என்கிறோமே, அதே வினைதான். 'மொழிபெயர்ப்பு' என்பதிலும் இருப்பது அதுவே.

பலர் எண்ணுவதுபோல இது அண்மையில் ஆக்கப்பட்ட சொல்லும் அன்று. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், 'மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினி துறையும்' என்று வருகிறது. பல மொழி வழங்கும் நாடுகளிலிருந்து வந்தவர்கள் அந்நகரில் கலந்து இனிதாக வாழ்ந்தார்கள் என்பது பொருள். இங்கே துயரத்தின் சாயலே இல்லை. வந்தவர்களைத் துறைமுக நகரம் பெருமையோடு எண்ணிக் காட்டும் சொல் இது. அத்தகைய பட்டினமே கிடைப்பதானாலும் தலைவியைப் பிரிந்து 'வாரேன்' என்று தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்லும் இடத்தில்தான் இத்தொடர் அமைந்திருக்கிறது என்பது என்னை எப்போதும் நெகிழச் செய்யும். சிலப்பதிகாரமும் இதே நகரைப் பாடும்போது 'புலம்பெயர் மாக்கள்' என்றே சொல்கிறது.

இன்றைய அழுத்தம் ஈழத்திலிருந்து வந்தது. 1983 கலவரத்துக்குப் பின் பெருந்தொகையானோர் வெளியேறியபோது, நாட்டுக்குள்ளேயே ஊர் மாறியவர்களை 'இடம்பெயர்ந்தோர்' என்றும், கடல் கடந்து சென்றவர்களைப் 'புலம்பெயர்ந்தோர்' என்றும் பிரித்து வழங்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. வந்தவரைச் சுட்டிய சொல், பிரிந்து சென்றவரைச் சுட்டும் சொல்லாகத் திரும்பியது. 'அகதி' என்பது போக்கிடம் இல்லாதவர் என்று மட்டுமே சொல்லும். 'புலம்பெயர்ந்தோர்' என்னும்போது விட்டுவந்த நிலமும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் பிற மாநிலத்தவரைப் 'புலம்பெயர் தொழிலாளர்' என்பது பிழை என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வந்து சேர்ந்த ஊரின் பார்வையில் சொல்லப்படுவதால், அது பட்டினப்பாலையின் வழக்குக்கே மிக நெருக்கமானது.