காலையில் கால் மணி நேரம்

கேள்வி: சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன், வயது 44. இரண்டு மாதமாக எங்கள் பிரிவு ‘அஜைல்’ ஆகிவிட்டதாம். தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே, நேற்று என்ன செய்தோம் என்று மேலாளரிடம் ஒப்பிக்கிறோம். இளையவர்கள் ஸ்பிரின்ட், பேக்லாக் என்று பேசுவது தலைக்குள் ஏறவில்லை. எங்கிருந்து தொடங்குவது? - வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: முதலில் அந்த முக்கால் மணி நேரம். அஜைல் என்பது வேலையைச் சிறு பகுதிகளாக முடித்துக் காட்டி, மாற்றத்துக்கு ஏற்பத் திருத்திக்கொண்டே போகும் முறை, அதன் ஒரு வடிவம்தான் ஸ்கிரம். ஸ்கிரம் முறையில் அந்தக் கூட்டத்துக்கு 15 நிமிடம்தான், அதுவும் வேலை செய்கிறவர்கள் இன்று யார் எதைப் பிடிப்பது, எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று தங்களுக்குள் பேசிக்கொள்ள. நிற்கவேண்டும் என்றுகூட ஸ்கிரம் வழிகாட்டியில் கிடையாது. பேச்சு நீளாமல் இருக்கச் சிலர் பிடித்த வழி, உங்களுக்குக் கால்வலியாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சொற்களுக்குப் பயப்படாதீர்கள். உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பொங்கல் விழா என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி, பானை, கரும்பு, கோலப்போட்டி, பரிசு என்று செய்யவேண்டியதையெல்லாம் முக்கியமானது மேலே வரும்படி எழுதினால் அதுதான் பேக்லாக். வரிசையை முடிவுசெய்ய ஒரே ஆள், அவர் பிராடக்ட் ஓனர். (அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமே, கோலப்போட்டிப் பரிசைப் பற்றி மூன்று கூட்டம் பேசிவிட்டு அனுமதிக்குக் கடைசி வாரத்தில் ஓடுவோம்.) மேலிருந்து கொஞ்சத்தை எடுத்து, ஒரு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள், பெரும்பாலும் இரண்டு வாரத்தில், முடித்துக் காட்டுவது ஸ்பிரின்ட்.

இதில் ‘முடித்து’ என்பதுதான் விஷயமே. எது முடிந்ததாகக் கணக்கு என்று வேலை தொடங்கும் முன்பே எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். அனுமதிக்கு மின்னஞ்சல் போட்டாயிற்று என்றால் முடியவில்லை, கடிதம் கையில் வந்தால்தான் முடிந்தது. ‘முக்கால்வாசி ஆச்சு’ என்ற பதிலை, வேலைகளைச் சீட்டில் எழுதி ஒட்டிவைக்கும் எந்தப் பலகையிலும் ஒட்டமுடியாது. உங்கள் ஆவண வேலையில் இது உங்களுக்குத்தான் அந்த இளையவர்களைவிட நன்றாகத் தெரியும்.

அப்புறம், அஜைல் என்றால் திட்டமே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள்காரர்கள் கூடி எழுதிய அஜைல் அறிக்கையில், திட்டத்தை அப்படியே பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது மேல் என்று இருக்கிறது, திட்டத்துக்கும் மதிப்பு உண்டு என்று அதே பக்கத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. ஒவ்வொரு ஸ்பிரின்ட் தொடக்கத்திலும் திட்டமிடத்தான் செய்கிறார்கள். வேலையின் அளவை 1, 2, 3, 5, 8 என்று சீட்டில் குறித்து எல்லோரும் ஒரே நேரத்தில் காட்டுவது சில குழுக்களில் வழக்கம். ஏன் ஒரே நேரத்தில்? மேலாளர் முதலில் மூன்று என்றால் நம்மில் யார் எட்டு என்போம்?

ஸ்கிரம் வழிகாட்டியின் 2020 பதிப்பு இணையத்தில் இலவசம், இருபது பக்கம்கூட வராது, அதைப் படித்துவிட்டு வகுப்பைத் தேடுங்கள். நீங்கள் சிங்கப்பூரர் என்றால், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024-இல் வந்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் (அரசின் திறன் பயிற்சித் திட்டம்) தொகை எல்லா வகுப்புக்கும் செல்லாது, பார்த்துச் சேருங்கள். ஸ்பிரின்ட் முடிவில் ரெட்ராஸ்பெக்டிவ் என்று ஒரு கூட்டம் இருக்கும், வேலை செய்யும் விதத்தில் உள்ள குறையைச் சொல்லித் திருத்திக்கொள்ளவே வைத்தது. முக்கால் மணி நேரக் கதையை அங்கே எடுங்கள்.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சீரமைப்பையும் அஜைலாகச் செய்யலாமா? - வாசகர், தெம்பனிஸ்

பதில்: தரை ஓடு பதித்த பிறகு குழாயை இடம் மாற்றலாமா என்று உங்கள் சீரமைப்புக் குத்தகையாளரிடம் கேட்டுப் பாருங்கள், அவரே சொல்வார்.