மஞ்சள் சிவந்தால் கலப்படமா?

அரசுப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

புடவையில் சிந்திய சாம்பார்க் கறை, சோப்புப் போட்டதும் ரத்தச் சிவப்பாகிவிட்டது. மஞ்சள்தூளில் சாயம் கலந்திருக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டேன். நான் செய்தது சரிதானே?
– வாசகி, ஈரோடு

கடைக்காரரிடம் சமாதானமாக ஒரு வார்த்தை பேசிவிடுங்கள், சகோதரி. அது மஞ்சளாக இருந்ததால்தான் சிவந்தது. மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்குமின், காரம் (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான சுண்ணாம்பு, சோப்பு போன்றது) பட்டதும் செம்பழுப்பாகிவிடும். சலவை சோப்பு காரத்தன்மை உடையது. ஆரத்தி கரைக்கும்போது என்ன செய்கிறோம்? மஞ்சள் நீரில் சிட்டிகை சுண்ணாம்பைப் போட்டு விரலால் கலக்குகிறோம். விரல் சுற்றுகிற வழியெல்லாம் சிவப்பு ஓடுகிறது. நம் பாட்டிமார் நாள்தோறும் செய்துவந்த நிறங்காட்டிச் சோதனை அது. கறையின் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மஞ்சள் திரும்பும். பிறகு அலசி வெயிலில் காயப்போடுங்கள், வெளுத்துவிடும்.

நீங்கள் சந்தேகப்பட வேண்டிய சாயத்தின் பெயர் மெட்டானில் மஞ்சள். அதுவும் நிறம் மாறும், ஆனால் வலிமையான அமிலத்தில்தான். சோப்பு அதைக் காட்டிக்கொடுக்காது, எலுமிச்சையின் புளிப்பும் போதாது. ஆய்வகத்தில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுவோம். அப்போது நல்ல மஞ்சளும்கூடச் சிவக்கும்! தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும்: நிறம் மறைந்தால் நல்ல மஞ்சள், ஊதாச் சிவப்பு அப்படியே நின்றால் சாயம். இதை வீட்டில் செய்யாதீர்கள். அந்த அமிலம் கையையும் கண்ணையும் பதம் பார்த்துவிடும். சந்தேகம் தீராவிட்டால் தூளை உணவுப் பாதுகாப்புத் துறையிடம் கொடுங்கள்.

பாலில் டிங்சர் அயோடின் இரண்டு சொட்டு விட்டேன். நீலமாகவில்லை. தண்ணீர் கலக்காத பால் என்று நம்பலாமா?
– வாசகர், கும்பகோணம்

நம்ப முடியாது. அயோடினுக்குத் தெரிந்தது மாவுப்பொருள் ஒன்றுதான். தண்ணீரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. தண்ணீருக்கு, பாலின் அடர்த்தியை அளக்கிற லாக்டோமீட்டர் இருக்கிறது. ஆனால், நீர் கலந்த பாலில் மாவைக் கரைத்துக் கெட்டியாக்கினால் லாக்டோமீட்டர் ஏமாந்துபோகும். அதனால்தான் இரண்டு சோதனையும் தேவைப்படுகின்றன. இன்னொன்று: பால் சூடாக இருந்ததா? மாவுப்பொருளின் சுருள்களுக்குள் அயோடின் புகுந்து நிற்பதால்தான் அந்த நீலம் உண்டாகிறது. சூட்டில் அந்தப் பிடி தளர்ந்து நிறம் போய்விடும். பாலைக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்த பிறகு சொட்டு விடுங்கள்.

நீலம் வந்தாலும் உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. என் வகுப்பில் ஒரு மாணவன், அவன் அம்மா மாடு வைத்துப் பால் ஊற்றுபவர், வீட்டுப் பாலையே சோதனைக்குக் கொண்டுவந்தான். சொட்டு விட்டதும் கருநீலம். அத்தனை பிள்ளைகளும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவனுடைய சோதனைக்குழாய் அடுக்கிலிருந்தே இன்னொரு குழாயை எடுத்து, காய்ச்சி வடித்த நீரை ஊற்றி அயோடின் விட்டேன். அதுவும் நீலம்! முந்தைய வகுப்பு கழுவாமல் வைத்துவிட்டுப்போன கஞ்சித் தண்ணீர் குழாய்களில் ஒட்டியிருந்தது. புதுக் குழாயில் அவன் வீட்டுப் பால் அயோடினின் பழுப்பைத் தவிர எந்த நிறமும் காட்டவில்லை. அன்றிலிருந்து, வெறும் தண்ணீரில் ஒரு சோதனை செய்து பார்க்காமல் எந்த முடிவையும் நோட்டில் எழுத நான் அனுமதித்ததில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பிளஸ் டூ படிக்கிறேன். தரம் பார்த்தலில் பினாப்தலீனின் இளஞ்சிவப்பு வந்து, சிறிது நேரத்தில் மறைந்துவிடுகிறது. என் அளவீடு தவறா?
– மாணவர், தென்காசி

தவறில்லை, தம்பி. (மற்ற வாசகர்களுக்கு: அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காண்பதுதான் தரம் பார்த்தல். காரம் மிஞ்சியதும் இளஞ்சிவப்பாகிற நிறங்காட்டி பினாப்தலீன்.) குடுவையைக் குலுக்கிய பிறகும் அரை நிமிடம் நிறம் நின்றால் அதுவே முடிவுநிலை. அதற்குப் பின் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைசலில் கரைந்து காரத்தைக் குறைக்கிறது. அமில, காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். அளவு 8.2க்குக் கீழே இறங்கினால் பினாப்தலீன் நிறமற்றுப்போகும். மறைந்துவிட்டதே என்று மேலும் ஒரு சொட்டு காரம் விட்டால்தான் அளவீடு கெடும். அடர்ந்த ரோஜா நிறத்துக்காகவும் காத்திருக்காதே. கூம்புக் குடுவையின் அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்துக்கொள். சாயல் மட்டும் தட்டுகிற அந்த முதல் சொட்டு அதன்மேல்தான் தெளிவாகத் தெரியும்.