தொழில் பழகுதல் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பட்டறைகளில் தொழில் பழகுவதைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். கோவையில் பம்பு உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்றை நடத்துகிறேன். 40 பேர் வேலை செய்கிறார்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் ஐ.டி.ஐ. முடித்த நான்கு பேரை அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழகுநராக எடுத்தேன். ஓராண்டு முடிந்ததும் மூன்று பேர் கூடுதல் சம்பளத்துக்காக ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போய்விட்டார்கள். அடுத்த கம்பெனிக்கு ஆள் தயாரித்துக் கொடுக்க நான் ஏன் செலவழிக்க வேண்டும்? எங்களிடம் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்யும் 57 வயது டர்னர் ஒருவர் இருக்கிறார். அவரைப் போல இன்னொருவரை வெளியில் தேடிக் களைத்துவிட்டேன். இந்த ஆண்டும் ஒருவரை எடுப்பதா, விட்டுவிடுவதா என்று தெரியவில்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் டர்னரிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பையன்கள் போய்விடுவார்களோ என்பது உங்கள் அச்சம். ஆனால் உங்கள் பட்டறையிலிருந்து சில ஆண்டுகளில் நிச்சயமாகப் போகப்போகிறவர் அவர்தான்.

அவர் எதை எடுத்துக்கொண்டு போவார் என்பதைச் சற்றுக் கிட்டத்தில் பாருங்கள். சுவர் மெலிந்த வார்ப்பு வளையம் ஒன்றை, லேத்தில் உருப்படியைத் தாடைகளால் கவ்வும் சக்கில் இறுக்கிப் பிடித்து உள்துளையைக் கடைகிறோம். சக்கில் இருக்கும் வரை, வட்டத்தின் பிசகைக் காட்டும் டயல் கேஜின் முள் அசையாது. துளை சுத்தமான வட்டம். தாடைகளைத் தளர்த்திய உடனே வளையம் தன் இயல்புக்குத் திரும்ப, துளை வட்டம் கெட்டுக் கோணிவிடும். இறுக்கம் கூடினால் உலோகம் நெளியும் என்பதை ஐ.டி.ஐ. முடித்த பையனும் எழுதிவிடுவான். எந்த வார்ப்பை எவ்வளவு இறுக்கலாம், கடைசி வெட்டுக்கு முன் எவ்வளவு தளர்த்த வேண்டும் என்பது மூத்தவரின் மணிக்கட்டில் இருக்கிறது. அவர் பக்கத்தில் நின்று, பத்து வளையங்களைக் கெடுத்து, பதினோராவதில் பிடிபடுகிற விஷயம் அது. விளம்பரம் கொடுத்து அதை வாங்க முடியாது என்பதைத்தான் நீங்கள் தேடிக் களைத்ததில் கண்டிருக்கிறீர்கள்.

செலவு என்று நீங்கள் சொல்வது பழகுநருக்கு மாதந்தோறும் தரும் உதவித்தொகையை என்றால், அது பெரிய பங்கு அல்ல. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் 2019-இல் திருத்தப்பட்ட பிறகு, 30 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். உங்கள் பட்டறைக்கு அது ஒருவர் முதல் ஆறு பேர் வரை. ஆகவே ஒருவரையும் எடுக்காமல் விடுவது உங்கள் விருப்பத்துக்கு உட்பட்டதே அல்ல. 2016-இல் மத்திய அரசு தொடங்கிய ஊக்குவிப்புத் திட்டம், உதவித்தொகையில் 25 விழுக்காட்டை மாதம் 1,500 ரூபாய் வரம்புக்குள் ஏற்றுக்கொண்டது. உண்மையான செலவு டர்னருடைய நேரம். அவர் கற்றுக்கொடுக்கும் ஒரு மணி நேரத்தில் அவருடைய லேத் ஒரு மணி நேரம் மெதுவாக ஓடும். அந்த ஒரு மணி நேரத்தைத் தர மனமில்லாத பட்டறையில் சேரும் பையன், காகிதத்தில் பழகுநராகவும் தரையில் கூலியாளாகவும் இருப்பான். நான் பழகிய இடத்தில் முதல் எட்டு மாதங்கள் வார்ப்புகளைச் சுமந்தேன், இரும்புச் சுருள்களைக் கூட்டி அள்ளினேன். ஒன்பதாம் மாதம் வேறு இடம் கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். நன்றி கெட்டவன் என்று முதலாளி சொன்னாராம். அங்கே எனக்கு யாரும் எதையும் கற்றுத் தந்திருக்கவில்லை என்பதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

ஜெர்மனியில் இதே கணக்கைத் தெளிவாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அங்கே பழகுநர் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியிலும் மீதி நாட்கள் நிறுவனத்திலும் இருப்பார். உலோகத் தொழில்களில் இது மூன்றரை ஆண்டுகள் நீளும். பழக்கும் காலத்துக்குள் போட்ட பணம் சராசரி ஜெர்மன் நிறுவனத்துக்குத் திரும்புவதில்லை. ஆனாலும் பழக்குகிறார்கள், ஏனென்றால் வெளியில் ஆள் தேடும் செலவும், வந்தவர் அந்த இடத்துக்குப் பொருந்தும் வரை ஆகும் இழப்பும் பிறகு மிச்சமாகின்றன. சுவிட்சர்லாந்தில் பழகுநரைக் கடைசி ஆண்டில் முழுத் தொழிலாளியைப் போல உற்பத்தியில் நிறுத்துவதால், சராசரி நிறுவனம் போட்டதைப் பழகுகாலத்திலேயே எடுத்துவிடுகிறது. உங்கள் பையன்களோ ஓராண்டில் கிளம்புகிறார்கள். விதைத்துவிட்டு அறுக்கும் பருவத்துக்கு முன்பே வயலை விட்டுக்கொடுப்பது போன்றது இது. உங்களுக்கு நேர்ந்த இழப்பு உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கான பரிகாரம் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளைப் பிடித்து வைப்பதில் இருக்கிறது.

பழகுநரை வேலைக்கு எடுத்துக்கொள்வது பற்றிய கொள்கையை நிறுவனமே வகுக்க வேண்டும் என்கிறது 2014-இல் திருத்தப்பட்ட சட்டம். உங்களிடம் அப்படி ஒன்று எழுத்தில் உண்டா? ஓராண்டு முடிந்தால் என்ன வேலை, என்ன சம்பளம், எப்போது தனி லேத் கிடைக்கும் என்பதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். ஓசூர் தரும் தொகையை உங்களால் தர முடியாமல் போகலாம். ஆனால் பெரிய ஆலையில் ஒரே இயந்திரத்தில் ஒரே வேலையைச் செய்யப்போகிறவனுக்கு, உங்கள் பட்டறையில் முழு உருப்படியையும் முதலிலிருந்து முடிவு வரை கடையக் கிடைக்கும். தங்கிவிட்ட நான்காமவரைக் கேட்டுப் பாருங்கள், ஏன் தங்கினார் என்று. அவருடைய பதில் என்னுடையதைவிட உங்களுக்குப் பயன்படும்.

இந்த ஆண்டு ஒருவரை மட்டும் எடுக்காதீர்கள், இரண்டு பேரை எடுங்கள். தனியாக இருப்பவன் மூத்தவரிடம் கேட்கத் தயங்குவான்; இருவர் இருந்தால் ஒருவருக்குப் புரியாததை மற்றவர் கேட்டுவிடுவார். டர்னரின் தினசரி உருப்படிக் கணக்கிலிருந்து ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டு, அதை அவரிடமே சொல்லுங்கள். தான் கற்றுக்கொடுப்பதும் வேலையாகவே எண்ணப்படுகிறது என்று தெரிந்தால்தான் அவர் கைக்கருவிகளை அடுத்தவன் கையில் கொடுப்பார். அந்த மெல்லிய வளையங்களில் முதல் பத்தும் கெட்டுப்போகட்டும். பழைய வார்ப்புக் கழிவுகளிலிருந்து இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.