சித்தி கடனா, கார்டு கடனா, எதை முதலில் அடைப்பது?

கேள்வி: கணவரின் ஆபரேஷன் சமயத்தில் கிரெடிட் கார்டில் 80,000 ரூபாய் ஏறிவிட்டது. மாதாமாதம் மினிமம் டியூ 4,000 தவறாமல் கட்டுகிறேன். சித்தியிடம் வட்டியில்லாமல் வாங்கிய 50,000-க்கு மாதம் 2,000 கொடுக்கிறேன். மகளுக்காக ஆர்.டி.யில் மாதம் 3,000 போடுகிறேன், 42,000 சேர்ந்திருக்கிறது. சித்தி முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. ஆர்.டி.யை உடைத்து முதலில் அவருக்குக் கொடுத்துவிடவா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஆர்.டி.யை உடையுங்கள், சகோதரி. ஆனால் பணம் கார்டுக்குப் போகட்டும்.

உங்கள் கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்து வட்டி விகிதத்தைப் பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் மாதத்துக்கு 3.5 சதவீதம் அளவில் இருக்கும். 80,000-க்கு 2,800 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 504. ஆக, நீங்கள் கட்டும் 4,000-இல் 3,304 வட்டிக்கும் வரிக்குமே போய்விடுகிறது. அசலில் கழிவது 696 ரூபாய்தான். இப்படியே மாதம் 4,000 கட்டினால் மூன்றரை வருடத்துக்கு மேல் இழுக்கும். பாக்கி குறையக் குறைய மினிமம் டியூவும் குறையும். அதை மட்டும் கட்டினால் இன்னும் நீளும். வருடத்துக்கு 42 சதவீத வட்டிக் கடனை வைத்துக்கொண்டு, ஆறேழு சதவீதம் தரும் ஆர்.டி.யில் பணம் போடுவது மகளுக்குச் சேர்ப்பதாகாது.

42,000-இல் 12,000-ஐ அவசரச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொடாதீர்கள், கையில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த மருந்துச் செலவு மறுபடி கார்டில்தான் ஏறும். முன்கூட்டியே முடிப்பதால் ஆர்.டி. வட்டியில் வங்கி கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், போகட்டும். மீதி 30,000-ஐக் கார்டில் கட்டுங்கள். பாக்கி 50,000.

அப்புறம் சித்தியிடம் போய் ஏழு மாதம் அவகாசம் கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கணக்கைச் சொன்னால் அவருக்கே புரியும்: கார்டுக்குக் கட்டும் 4,000, ஆர்.டி.க்குப் போன 3,000, அவருக்குக் கொடுத்துவந்த 2,000, மொத்தம் 9,000-ஐயும் கார்டிலேயே கட்டினால் ஏழாவது மாதம் அது முடிந்துவிடும். அதன்பின் அதே 9,000 சித்திக்குப் போனால் ஆறு மாதத்தில் அவர் பணம் முழுதும் வந்துவிடும். இப்போது போல மாதம் 2,000 கொடுத்தால் 25 மாதம் ஆகும். இந்த வழியில் 13 மாதம். காத்திருப்பதில் அவருக்கும் லாபம்தான். ஒருவேளை அவருக்கே இப்போது பணமுடை என்றால், அந்த 2,000-ஐ நிறுத்தாதீர்கள். வட்டி வாங்காமல் கொடுத்தவரைத் தவிக்கவிடக் கூடாது. கார்டு ஓரிரு மாதம் கூடுதலாக இழுத்தாலும் பரவாயில்லை.

கடன் தீரும்வரை அந்தக் கார்டைத் தேய்க்கவே வேண்டாம். பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். வங்கிக்கு போன் செய்து, மீதிப் பாக்கியை இ.எம்.ஐ. ஆக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் வட்டி குறையும். பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டியே முடித்தால் என்ன பிடிப்பார்கள் என்பதைக் கேட்ட பிறகே சரி சொல்லுங்கள். 'கொஞ்சம் குறைத்துக் கட்டி செட்டில் செய்துவிடுங்கள்' என்று யாராவது அழைத்தால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகிவிடும். நாளை மகளின் படிப்புக்குக் கல்விக்கடன் கேட்டுப் போகும்போது அது குறுக்கே நிற்கும். முழுதாகக் கட்டி, 'பாக்கி இல்லை' என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.