33550336: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஐந்தாவது செவ்விய எண்ணான 33550336 பற்றிப் படித்தேன். தன்னை விட்டுவிட்டு மற்றக் காரணிகளைக் கூட்டினால் தானே திரும்ப வருகிறது. அதன் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன்: 28. அதுவும் செவ்விய எண்! சிலிர்த்துவிட்டது. முன்னோர் இதை அறிந்துதான் இருக்கவேண்டும். எண் சோதிடப்படி இதற்குப் பொருள் உண்டா? என் பதினோரு வயது மகளுக்குக் கணக்கில் நாட்டம் வர எங்கே தொடங்கலாம்?

ரா.

அன்புள்ள ரா.,

எண் சோதிடம் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. முன்னோரை விட்டுவிடுங்கள், பாவம். ஆனால் அந்த 28-ஐ விடமாட்டேன். ஒரு வாரமாக நானும் இதே எண்ணோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நமக்குப் பத்து விரல், அதனால் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். எட்டு விரல் இருந்திருந்தால் இதே எண்ணை 177770000 என்று எழுதியிருப்போம். கூட்டினால் 29. அது பகா எண் என்று அதற்கும் சிலிர்த்திருப்பீர்கள். சட்டையின் நிறத்தை வைத்து ஆளை எடைபோடுகிற வேலை இது.

பழைய சபலம்தான். பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் நிகோமாகஸ் காலத்தில் தெரிந்த செவ்விய எண்கள் நான்கு: 6, 28, 496, 8128. ஓரிலக்கத்தில் ஒன்று, ஈரிலக்கத்தில் ஒன்று என்று வரிசை. கடைசி இலக்கம் 6, 8, 6, 8. இப்படியே போகும் என்று நூற்றாண்டுக்கணக்கில் நம்பினார்கள். ஐந்தாவதுக்கு எட்டு இலக்கம். ஆறாவது 8589869056, மறுபடியும் 6.

இரண்டை அடிமானமாக வைத்து, அதாவது 0, 1 இரண்டே இலக்கங்களில், எழுதிப் பாருங்கள். பதின்மூன்று ஒன்றுகள், பின்னால் பன்னிரண்டு பூஜ்ஜியங்கள். இங்கே உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது: 4096 × 8191. முன்னது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு, பின்னது பகா எண். 1, 2, 4 என்று 4096 வரை கூட்டினால் 8191. அதை 1 + 8191-ஆல், அதாவது 8192-ஆல் பெருக்கினால் எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகை. அது நம் எண்ணுக்குச் சரியாக இரு மடங்கு. எண்ணைக் கழித்தால் எண்ணே மிஞ்சுகிறது. யூக்ளிட் இந்த வகைக்கே மொத்தமாக நிறுவிவிட்டார். 1 முதல் 8191 வரை கூட்டினாலும் இதே எண்தான். 1, 3, 5 என்று 127 வரை ஒற்றைப்படை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதே எண். எத்தனை விரல் இருந்தாலும் இவை மாறாது. சிலிர்க்க வேண்டியது இங்கேயல்லவா!

8191 பகா எண் என்று நான் சொன்னதையும் சும்மா நம்பாதீர்கள். எனக்குப் பதின்மூன்று வயதில் ஆசிரியர் அதைத்தான் சரிபார்க்கச் சொன்னார். 89 வரை இருபத்துநான்கு பகா எண்கள், ஒவ்வொன்றாலும் வகுக்கவேண்டும். (அதற்குமேல் தேவையில்லை, 91-இன் வர்க்கமே 8281.) 23-இல் எனக்கு மீதி வரவில்லை. எண் உடைந்துபோயிற்று. அன்றிரவு அழுதேன் என்றால் சிரிப்பீர்கள். நோட்டைப் பார்த்துவிட்டு ஆசிரியர் “மறுபடி போடு” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. மூன்றாம் தடவை போட்டபோது மீதி 3 வந்தது.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். அந்த இருபத்துநான்கு வகுத்தலையும் அவளிடம் கொடுங்கள். கால்குலேட்டர் வேண்டாம். 23 வரும்போது பக்கத்தில் நிற்காதீர்கள்.