எண்ணோடு விளையாடு: வாசகர் கேள்வி

கேள்வி: 2147483647 ஒரு பகா எண் என்று 1772-லேயே கணித மேதை ஆய்லர் நிரூபித்துவிட்டாராமே, கம்ப்யூட்டர் இல்லாமல் எப்படி?

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த எண்ணைக் கேட்டுவிட்டீர்கள். 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது இது. இதன் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டும். அதுவரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவையே ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே!

இங்கேதான் ஆய்லரின் மூளை. இந்த எண்ணை எந்தப் பகா எண் வகுப்பதானாலும், அந்தப் பகா எண்ணை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 மட்டுமே வர முடியும் என்று காட்டினார். அப்புறம் பாருங்கள், முதலில் சோதிக்க வேண்டியதே 311. அடுத்தது நேராக 1303, பிறகு 1489. நடுவில் உள்ள அத்தனை பகா எண்களையும் தொடவே வேண்டாம்! 311-ஆல் நானே தாளில் வகுத்துப் பார்த்தேன், மீதி 35. நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பார்வை ஏறக்குறைய முழுக்கப் போய்விட்ட நிலையில், ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தபடி அவர் செய்த வேலை இது. 1867 வரை இதைவிடப் பெரிய பகா எண் யாருக்கும் தெரியாது. சரி, இன்று? 32 பிட் குறியுடை முழு எண்ணின், அதாவது 0, 1 என்ற இலக்கங்களுக்கான 32 இடங்களில் கம்ப்யூட்டர் கூட்டல்-கழித்தல் குறியோடு சேமிக்கும் முழு எண்ணின், உச்ச வரம்பாக, புரோகிராம் எழுதுகிறவர்கள் தினமும் பார்க்கும் எண் இது.